துப்பாக்கியோடு வந்த மாணவர்கள்: ஆட்ரி லார்டின் வகுப்பறை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் கொஞ்சம் இடைவெளி விழுந்துடுச்சு, மன்னிச்சிடுங்க. இன்னைக்கு ஒரு கவிஞரைப் பத்திப் பேசப்போறேன். பேரு ஆட்ரி லார்ட். அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினப் பெண், பெண்ணியவாதி, லெஸ்பியன், ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. இதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லித்தான் அவர் மேடைகளில் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். அவர் ஒரு டீச்சரும்கூட. உண்மையைச் சொன்னா, அந்த டீச்சர்தான் என்னை அவர்கிட்ட இழுத்தது. ஏன்னு சொல்ல, முதல்ல என் கதை ஒண்ணைச் சொல்லணும்.

2019இல் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் நான் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தேன். முதல் வாரம், ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள். பாடம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மேம், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" வகுப்பே சிரிச்சது. நானும் சிரிச்சுக்கிட்டே, "வீட்ல பாத்துக்கிட்டிருக்காங்க"ன்னு சொன்னேன்.

வீட்ல யாரும் எதையும் பாத்துக்கிட்டிருக்கல. அப்போ நாலு வருஷமா நான் ஒரு பெண்ணோட சேர்ந்து வாழ்ந்துக்கிட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரியும். ஹவுஸ் ஓனரைப் பொறுத்தவரை அவள் என் ரூம்மேட். வயதுவந்த ரெண்டு பேர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றமில்லைன்னு 377வது பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு. சட்டம் மாறியும் என் வாயிலிருந்து பழைய பதில்தான் வந்தது.

சின்னப் பொய்தானேன்னு நெனச்சேன். நாலு மாசம் கழிச்சு ஒரு மாணவி, வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், பையைத் தோள்ல மாட்டுறதும் கழட்டுறதுமா நின்னுக்கிட்டிருந்தாள். "என்னம்மா?"ன்னு கேட்டேன். "மேம், ஒரு பொண்ணு கல்யாணமே பண்ணிக்காம இருக்கலாமா?" அந்தக் கேள்விக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சும், "அதெல்லாம் வீட்ல பெரியவங்ககிட்ட பேசும்மா"ன்னு சொல்லிட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன். அதுக்கப்புறம் அவள் என்கிட்ட பாடத்தைத் தவிர எதுவும் கேக்கல.

ஆட்ரி லார்டை நான் ஒழுங்கா வாசிக்க ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். அதுவரை அவரைச் சில வாசகங்களாத்தான் தெரியும். இன்ஸ்டாகிராம்ல பூப்போட்ட பின்னணியில வருமே, அந்த மாதிரி. ஆளை வாசிச்சப்போதான் அவர் எப்படிப்பட்ட வகுப்பறைகள்ல நின்னு பாடம் எடுத்தார்னு தெரிஞ்சது.

முதலில் இருந்து சொல்றேன்.

ஆட்ரி லார்ட் 1934 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா பார்படோஸ் தீவுக்காரர். அம்மா கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்ற சின்னத் தீவைத் தன் ஊராகச் சொல்பவர். கரீபியனிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் மூன்று பெண்கள், லார்ட்தான் கடைக்குட்டி. பிறந்தது முதலே கண்பார்வை மிகவும் மோசம். கண்ணாடி இல்லாமல் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. பேச ஆரம்பித்ததும் தாமதமாகத்தான். நான்கு வயது வாக்கில், படிக்கக் கற்றுக்கொண்ட சமயத்தில்தான் பேச்சே வந்தது.

அந்தப் படிப்பு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹார்லெமில் 135ஆவது தெருவில் ஒரு பொது நூலகம். அம்மா அக்காக்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். குட்டி ஆட்ரி தரையில் விழுந்து கத்திக்கொண்டிருக்கிறாள். நம்ம ஊரா இருந்தா முதுகுல ரெண்டு விழும். அங்கே அகஸ்டா பேக்கர் என்ற கறுப்பின நூலகர் வந்து, உனக்கு ஒரு கதை வாசிக்கட்டுமா என்று கேட்டார். வாசித்தார். கதை முடிந்ததும், எனக்கும் வாசிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிட்டது. பிற்காலத்தில் லார்டே நூலகரானார். அவரை முதல்முதலாகப் படிக்க வைத்தவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பொது ஊழியர். என் மனசில் இது நிற்கிறது.

அடுத்து, பெயர். பெற்றோர் வைத்த 'ஆட்ரி' ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் முடியும். அந்த எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே தொங்குவது சின்ன வயதிலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. 'ஒய்'யை எடுத்துவிட்டால் முதல் பெயரும் குடும்பப் பெயரும் இரண்டுமே 'ஈ'யில் முடியும். பார்க்கச் சமமாக இருக்கும். எடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் வயதில் தன் பெயரைத் தானே எடிட் செய்தவர்!

கவிதைக்கு அவர் வந்த வழியும் விசித்திரம்தான். யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கவிதையைச் சொல்வாராம். கேட்டவர் அதற்குள்ளிருந்து பதிலை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பன்னிரண்டு, பதிமூன்று வயதில், தனக்குத் தோன்றுவதைச் சொல்ல ஏற்கெனவே இருக்கும் கவிதைகள் போதவில்லை. அப்போதுதான் சொந்தமாக எழுத ஆரம்பித்தார். ஸ்கூல் படிக்கும்போதே 'செவன்டீன்' என்ற இளைஞர் பத்திரிகையில் அவர் கவிதை வெளிவந்தது.

அதன் பிறகு பிழைப்பு. தொழிற்சாலை வேலை, வேறு சில்லறை வேலைகள். 1954இல் ஒரு வருடம் மெக்சிகோவில் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்பு. நியூயார்க் திரும்பி, வேலை பார்த்துக்கொண்டே 1959இல் ஹன்டர் கல்லூரியில் இளங்கலை. 1961இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலில் முதுகலை. அந்தக் காலத்து நியூயார்க்கில் லெஸ்பியன் பெண்கள் கூடும் பார்கள் சில இருந்தன. அங்கே போனால் கறுப்பினப் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். கறுப்பினத்தவர் கூடும் இடங்களிலோ லெஸ்பியன் என்ற பேச்சையே எடுக்க முடியாது. எங்கே போனாலும் தன்னில் ஒரு பாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நம்ம வீடுகள்ல செருப்பைக் கழட்டுற மாதிரி.

1962இல் அவர் எட்வின் ராலின்ஸ் என்ற வெள்ளையினத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். "என்னது, கல்யாணமா?"ன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ராலின்ஸும் தன்பால் ஈர்ப்புள்ளவர்தான். ஒரு மகள், ஒரு மகன் பிறந்தார்கள். 1970இல் மணமுறிவு. இதை மறைக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் லார்ட் பிறந்த நாளிலிருந்தே எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இல்லை. அவருக்கும் நேரம் பிடித்தது.

இப்போது 1968. அந்த வருஷம்தான் எல்லாம் மாறியது.

அப்போது அவருக்கு 34 வயது. நியூயார்க்கில் நூலகர் வேலை. முதல் கவிதைத் தொகுப்பு 'தி ஃபர்ஸ்ட் சிட்டீஸ்' அந்த வருடம்தான் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் டூகலூ கல்லூரி என்று ஒன்று. கறுப்பின மாணவர்களுக்கான பழைய கல்லூரி, குடியுரிமைப் போராட்டத்தின் முக்கியமான இடம். ஆறு வாரம் அங்கே தங்கிக் கவிதைப் பட்டறை நடத்தும் வாய்ப்பு வந்தது. பிள்ளைகளைப் பிரிந்து இருந்ததே அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் பாடம் நடத்தியதும் இல்லை. பயந்துகொண்டேதான் போனார். எட்டு மாணவர்கள். அந்த ஆறு வாரத்தில், தான் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று தெரிந்துவிட்டது. பிறகு பல வருடங்கள் அவரோடு வாழ்ந்த ஃபிரான்சஸ் கிளேட்டனைச் சந்தித்ததும் அங்கேதான். அவர் உளவியல் பேராசிரியர்.

திரும்பி வந்த சில வாரங்களில், ஏப்ரல் 4ஆம் தேதி, டூகலூ கல்லூரியின் பாடகர் குழு நியூயார்க்கின் கார்னகி ஹாலில் டியூக் எலிங்டனுடன் பாடியது. லார்ட் பார்வையாளர்களில் ஒருவர். தான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மேடையில் நிற்கிறார்கள். அந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அதற்குப் பிறகு நூலக வேலைக்குத் திரும்பி உட்கார அவரால் முடியவில்லை. ஆசிரியராகவே இருப்பது என்று முடிவெடுத்தார்.

சிட்டி கல்லூரியில் 'சீக்' என்ற திட்டத்தில் சேர்ந்தார். ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரும்பாலும் கறுப்பின, போர்ட்டோரிக்கோ குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் அது. ஏட்ரியன் ரிச், டோனி கேட் பாம்பாரா, ஜூன் ஜோர்டன் எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஸ்டாஃப் ரூமில் இத்தனை பேர்! லார்டுக்குக் கிடைத்தது இலக்கண வகுப்பு. அவருக்கே இலக்கணம் அவ்வளவு தெரியாது. முந்தின இரவு படித்துவிட்டு மறுநாள் போய்ச் சொல்லிக்கொடுப்பார். கெஸ்ட் லெக்சரரா இருந்தவங்களுக்கு இந்த அனுபவம் நல்லாவே புரியும். அப்படிப் படிக்கும்போது இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பாகுபாடே அவருக்கு ஒரு கண்டுபிடிப்பாக இருந்தது. தலைக்குள் குழம்பிக் கிடப்பதை வரிசையில் வைக்க இந்த விதிகள் உதவும் என்று, மாணவர்களோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டார்.

1970இல் ஜான் ஜே கல்லூரிக்கு மாறினார். இது குற்றவியல் நீதி கற்பிக்கும் கல்லூரி. புரியும்படி சொன்னால், போலீஸ்காரர்கள் படிக்கும் கல்லூரி. அதே காலத்தில் நியூயார்க் நகரக் கல்லூரிகளின் கதவுகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. பள்ளி முடித்த கறுப்பின இளைஞர்களும் அங்கே சேர்ந்தார்கள். ஆக, ஒரே வகுப்பில் ஒரு பக்கம் வேலையிலிருக்கும் போலீஸ்காரர்கள், பெரும்பாலும் வெள்ளையினத்தவர், இடுப்பில் துப்பாக்கியோடு. இன்னொரு பக்கம், அந்தப் போலீஸைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப்போகும் பிள்ளைகள். முன்னால் நின்று பேசுவது ஒரு கறுப்பின லெஸ்பியன் கவிஞர். கொஞ்சம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க.

அவர் அங்கே இனவெறி பற்றியும் பாடம் நடத்தினார். இந்த மாணவர்களுக்கு.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயம். லார்ட் ஒரு பெண்ணைக் காதலிப்பதைப் பற்றி வெளிப்படையாக ஒரு கவிதை எழுதினார். தலைப்பே 'காதல் கவிதை'தான். அதை 1973இல் வந்த தன் தொகுப்பில் சேர்க்க நினைத்தார். பதிப்பாளர் கறுப்பின இலக்கியத்துக்குப் பெரிய பங்களிப்பு செய்தவர், நல்ல மனிதர். அவருக்கே கவிதை பிடிபடவில்லை. இதில் பேசுவது ஆணா என்று கேட்டார். இல்லை, நான்தான் என்றார் லார்ட். கவிதை தொகுப்பில் இடம்பெறவில்லை. பிறகு 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகையில் வந்தது. வந்ததும் லார்ட் அந்தப் பக்கத்தைக் கிழித்து, ஜான் ஜே கல்லூரி ஆங்கிலத் துறையின் சுவரில் ஒட்டிவிட்டார்.

நான் இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். எங்க டிபார்ட்மென்ட் சுவர் ஞாபகம் வந்துச்சு. டைம் டேபிள், பரீட்சை சர்க்குலர், ஒரு சரஸ்வதி காலண்டர். நான் அங்கே எதை ஒட்டியிருப்பேன்?

அப்போது லார்டுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில்தான் அது நடந்தது. நமக்கும் கொஞ்சம் ஆறுதல்.

இப்போ சொல்லப்போறது கொஞ்சம் கனமான விஷயம். குழந்தை இறப்பு பத்தினது. வேண்டாம்னு தோணினா அடுத்த சில பத்திகளைத் தாண்டிடுங்க.

1973 ஏப்ரல் 28, விடிகாலை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் க்ளிஃபர்ட் க்ளோவர் என்ற பத்து வயதுக் கறுப்பினச் சிறுவன், வளர்ப்புத் தந்தையோடு அவர் வேலைசெய்யும் இடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான். சீருடை இல்லாத போலீஸ்காரர்கள் காரில் வந்து நிறுத்தினார்கள். திருடர்கள் என்று பயந்து இருவரும் ஓடினார்கள். தாமஸ் ஷே என்ற போலீஸ்காரர் சிறுவனைச் சுட்டார். அவன் இறந்துபோனான். அடுத்த வருடம் ஷே மீது கொலை வழக்கு நடந்தது. ஜூரியில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் வெள்ளையின ஆண்கள். ஒருவர் கறுப்பினப் பெண். தீர்ப்பு: குற்றவாளி இல்லை.

லார்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. ஆத்திரத்தில் கை கால் ஓடவில்லை. எதிலாவது மோதிவிடுவோமோ என்று பயந்து காரை ஓரமாக நிறுத்தினார். நோட்டை எடுத்து எழுதினார். அதுதான் 'பவர்' என்ற கவிதையாக வந்தது. அதிகாரம், சக்தி என்று இரண்டு அர்த்தமும் உள்ள சொல். 1978இல் வந்த 'தி பிளாக் யூனிகார்ன்' தொகுப்பில் இருக்கிறது. தேடி வாசியுங்கள். கெஞ்சி நியாயம் கேட்கிற கவிதை இல்லை. தனக்குள் பொங்கும் வெறுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாவிட்டால் அது என்னவாக மாறும் என்று கவிஞர் தன்னையே பார்த்துப் பயப்படுகிற கவிதை.

அதன் பிறகு அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்ட கேள்விகளைப் பற்றி ஏட்ரியன் ரிச்சுடனான ஓர் உரையாடலில் சொல்லியிருக்கிறார். அந்த ஜூரிப் பெண்ணைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறார். பதினொரு ஆண்களுக்கு நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கடைசியில் தலையாட்டிவிட்டு வந்த பெண். அவளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் லார்ட் கேட்டது வேறு கேள்வி: நானும் அதே மாதிரி ஓர் இடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? போலீஸ் கல்லூரியில், போலீஸ்காரர்களுக்கு நடுவில் சம்பளம் வாங்கிக்கொண்டு? என் முறை வரும்போது நான் என்ன சொல்லப்போகிறேன்?

வேலையை விட்டுவிடலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. 1981 வரை அங்கேயே பாடம் எடுத்தார். இது சரியா தவறா என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. என்னைத் தொட்டது இதுதான்: எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கவே கேட்காது என்று முடிவுகட்டிவிட்டு அவர் பேசாமல் இருக்கவில்லை. அதே சமயம், எதிரே இருப்பவரின் வசதிக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்ளவும் இல்லை. இந்த ரெண்டையும் சேர்த்துச் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு வகுப்பெடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

பெண்ணியவாதிகள் முன்னாலும் அவர் அப்படித்தான். 1979இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெண்ணியக் கருத்தரங்கு ஒன்று. கறுப்பினப் பெண்களின் குரலுக்கு அங்கே அநேகமாக இடமே இல்லை. கடைசி நேரத்தில் கூப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர் லார்ட். மேடையேறி அதையே பேசினார். நீங்கள் இங்கே உட்கார்ந்து பெண்ணியக் கோட்பாடு பேசும் நேரத்தில், உங்கள் வீட்டைத் துடைப்பதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் யார், அந்தப் பெண்களுக்கான கோட்பாடு எங்கே என்பதுதான் கேள்வியின் சாரம். சென்னையிலயோ பெங்களூர்லயோ ஏசி ஹால்ல உட்கார்ந்து பெண்ணியம் பேசுற நாமளும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதானே இது? அடுத்த வருடம் பார்பரா ஸ்மித்தோடு சேர்ந்து 'கிச்சன் டேபிள்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்கள் தாங்களே நடத்திய பதிப்பகம்.

இதற்கிடையில் உடம்பு. 1977இல் மார்பில் ஒரு கட்டி. புற்றுநோயாக இருக்குமோ என்று காத்திருந்த மூன்று வாரங்கள். அந்த முறை இல்லை என்று தெரிந்தது. டிசம்பரில் சிகாகோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பேசினார். சாவு பக்கத்தில் வந்து நின்றபோது, தான் பேசிய எதற்காகவும் வருத்தப்படவில்லை, பேசாமல் விட்டவற்றுக்காகத்தான் வருத்தப்பட்டேன் என்பதே அந்தப் பேச்சின் மையம். பேசாமல் இருந்ததால் எந்த ஆபத்திலிருந்தும் தப்பிக்கவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அடுத்த வருடம் புற்றுநோய் வந்தேவிட்டது. ஒரு மார்பகத்தை அகற்ற வேண்டியிருந்தது. செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது என்றார்கள். அவர் மறுத்தார். மருத்துவரின் அறைக்கு அப்படியே போனபோது, நீங்கள் இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனநிலை பாதிக்கும் என்கிற மாதிரி ஒரு நர்ஸ் சொன்னார். யாருக்கும் தெரியாமல் எல்லாரும் மறைத்துக்கொண்டால், ஒரே துன்பத்தைப் பட்ட பெண்கள் ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அவர் யோசித்தார். 1980இல் வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' அந்த யோசனையிலிருந்து வந்த புத்தகம்.

இதைப் படிச்சப்போதான் என் மாணவி மறுபடி ஞாபகத்துக்கு வந்தாள். "வீட்ல பாத்துக்கிட்டிருக்காங்க"ன்னு நான் சொன்னப்போ, அது என்னோட தனிப்பட்ட விஷயம், யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன். அந்த வகுப்புல என்னை அடையாளம் கண்டுக்க வேண்டிய ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் போட்டிருந்த மறைப்பு அவளையும் சேர்த்து மறைச்சிருச்சு.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981இல் லார்ட் தான் படித்த ஹன்டர் கல்லூரிக்கே பேராசிரியராகப் போனார். 1984இல் மேற்கு பெர்லினில் ஃப்ரீ பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகச் சென்றார். அங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்கள் அவர் வகுப்புக்கு வந்தார்கள். பலருக்குத் தங்களைச் சொல்லிக்கொள்ள ஒரு மரியாதையான சொல்லே இல்லாத நிலை. சுற்றி இருந்தவர்கள் வைத்த பெயர்கள் எல்லாம் வசவுகள். லார்டோடு பேசியதில் 'ஆஃப்ரோ ஜெர்மன்' என்ற சொல் பிறந்தது. உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள் என்று விடாமல் சொன்னார். 1986இல் மே அயிம், கதரினா ஓகுன்டோயே, டாக்மர் ஷூல்ட்ஸ் மூவரும் தொகுத்த 'ஃபார்பே பெகென்னன்' என்ற நூல் வந்தது. ஜெர்மனியின் கறுப்பின மக்கள் ஓர் இயக்கமாகத் திரள அந்தப் புத்தகம் பெரிய காரணம். அவர் பெர்லின் போன அதே 1984இல்தான் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியது தெரிந்தது. அதன் பிறகும் பல வருடங்கள் திரும்பத் திரும்ப பெர்லின் போனார். சிகிச்சைக்கும், இந்தப் பெண்களுக்காகவும்.

1991இல் நியூயார்க் மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1992 நவம்பர் 17 அன்று, கரீபியனில் செயின்ட் குரோய் தீவில் இறந்தார். வயது 58. அவருடைய அம்மா அப்பா புறப்பட்டு வந்த அதே கடலில் உள்ள ஒரு தீவு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இதைக் கேட்டுட்டு நாளைக்கே ஆபீஸ்லயோ காலேஜ்லயோ போய் எல்லாத்தையும் சொல்லிடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. வாடகை கட்டணும், வீட்ல இருக்கணும், சில பேருக்கு உயிரே பிரச்சினை. எப்போ, யார்கிட்ட, எவ்வளவு சொல்றதுங்கிறது உங்க முடிவு மட்டும்தான். லார்டே கல்யாணம், ரெண்டு பிள்ளைகள், ஒரு மணமுறிவு எல்லாம் தாண்டி நாற்பது வயசுல வந்துதான் அந்தப் பக்கத்தைச் சுவர்ல ஒட்டினார்.

நான் என்ன செஞ்சேன்னா, மூணு வருஷம் கழிச்சு அந்த வேலையை விட்டேன். இப்போ வார இறுதியில் ஒரு சின்ன வாசிப்பு வகுப்பு நடத்துறேன். பதினஞ்சு பேர் வர்றாங்க. போன மாசம் ஒரு புதுப் பையன் கேட்டான், "அக்கா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" மறுபடி அதே கேள்வி! என் தொண்டை அடைச்சது. ஒரு நிமிஷம் தண்ணி குடிச்சேன். "கல்யாணம் ஆகல. என் துணை ஒரு பெண். பத்து வருஷத்துக்கு மேலா சேர்ந்து இருக்கோம்"ன்னு சொன்னேன். ரூம் அமைதியாச்சு. அந்தப் பையன், "ஓ, சரிக்கா. அவங்களும் நல்லா வாசிப்பாங்களா?"ன்னு கேட்டான். "நாவல்னா தூங்கிடுவா"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

பையைத் தோள்ல மாட்டுறதும் கழட்டுறதுமா நின்ன என் மாணவி, நீ இதைக் கேட்பியான்னு தெரியாது. நீ கேட்ட கேள்விக்கு அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில்: இருக்கலாம்மா. நான் இருக்கேன். உக்காரு, பேசலாம்.

ஆட்ரி லார்டை எங்கிருந்து தொடங்கலாம்னு கேக்குறவங்களுக்கு: கட்டுரைகள் பிடிக்கும்னா 'சிஸ்டர் அவுட்சைடர்', கதை மாதிரி வாசிக்கணும்னா 'சாமி'. தமிழ்ல ஜாமின்னும் உச்சரிக்கலாம், நம்ம சாமி இல்லை. உங்க வாழ்க்கையில கதவைத் திறந்துவிட்ட ஒரு டீச்சர் இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதை ஒலிபரப்புறேன். பாத்துக்கோங்க. வணக்கம்.